ஆஸ்பத்திரி வேன் நின்ற இடம்

செத்துப் பிறந்த பிள்ளையைப் புதைத்த அடுத்த வாரம், ஒரு காலையில் நான் படுத்திருந்த பாய் நனைந்திருந்தது. பால் வடிந்திருக்கும் என்று நினைத்தேன். குடிக்கப் பிள்ளை இல்லாத பால் அப்போது ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது, நனைந்திருப்பது நெஞ்சல்ல. தொடை வழியாகச் சூடாக இறங்கிக் கணுக்காலுக்கு வந்தது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்ற உணர்வே எனக்கு வரவில்லை. ஆனால் போய்க்கொண்டிருந்தது.

உட்கார்ந்து பார்த்தேன். படுத்துப் பார்த்தேன். காலை இறுக்கிக்கொண்டு பார்த்தேன். எதற்கும் அது கட்டுப்படவில்லை.

இதை வாசிக்கிற பெண்களில் யாருக்காவது இப்படி ஒரு காலை விடிந்திருந்தால், அவருக்காகத்தான் எழுதுகிறேன். இதற்கு ஒரு பெயர் உண்டு. ஃபிஸ்டுலா (சிறுநீர்ப்பைக்கும் பிள்ளை வரும் வழிக்கும் நடுவே விழும் ஓட்டை) என்கிறார்கள். அதைத் தைத்து மூட முடியும். இவ்வளவுதான் விஷயம். இதை என்னிடம் சொல்ல ஒருவர் வந்து சேர இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடத்தின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

என் பெயர் இன்னாசியம்மாள். மாரியூருக்குக் கிழக்கே, கடலுக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மீனவர் குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். மாதா கோயில் சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். என் கணவர் சவரிமுத்து கடல் தொழிலாளி. நாடு சுதந்திரம் அடைந்து சில வருடங்கள் கழித்து எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

எங்கள் குடியிருப்பிலிருந்து சரளைக்கல் போட்ட கப்பிச் சாலைக்கு வர மணலில்தான் நடக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது. மாட்டு வண்டியே அதில் திணறும். மணல் பாதை சாலையைத் தொடும் இடத்துக்கு உடைமரத்து முக்கு என்று பெயர். நான் கல்யாணமாகி வந்த வருடம் அந்த முக்கில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, ஆஸ்பத்திரி வேனைத் தொடங்கிவைத்தார்கள். உள்ளே ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், அலமாரி நிறைய மருந்து. பெரிய மனிதர்கள் மேடையில் பேசினார்கள். மருத்துவம் இனி உங்களைத் தேடி வரும் என்றார் ஒருவர். புதன்கிழமை தோறும் வேன் இந்த முக்கில் நிற்கும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாங்கள் கை தட்டினோம். நானும் கை வலிக்கத் தட்டினேன்.

பொய் சொல்லக் கூடாது. சில மாதங்கள் அது அங்கே நிற்கத்தான் செய்தது. சிரங்குக்குக் களிம்பும் காய்ச்சலுக்கு மாத்திரையும் வாங்கியிருக்கிறோம். ஆனால் முக்கில் நிழல் கிடையாது. முள் நிறைந்த உடைமரத்துக்கு என்ன நிழல் இருக்கும்? வேனின் தகரம் பழுக்கக் காய்ந்துவிடும். உள்நாட்டுக் கிராமத்து முன்சீப் ஒரு நாள் அந்த வழியாகப் போனவர், "இந்த வெயில்ல ஏன் காயிறீக? நம்ம வீட்டு முத்தத்துல வேப்பமரம் இருக்கு, வாங்க" என்று கூப்பிட்டார். நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். அங்கே காபி கிடைத்தது. மதியச் சாப்பாடும் கிடைத்தது.

அடுத்த புதன்கிழமை வேன் முக்கில் கொஞ்ச நேரமே நின்றது. பிறகு நிற்காமலே போகத் தொடங்கியது. யாரும் தீர்மானம் போட்டு எங்களிடமிருந்து அதைப் பறிக்கவில்லை. நிழலும் சாப்பாடும் இருந்த பக்கம் அது தானாக நகர்ந்து போயிற்று. முன்சீப்பின் ஊருக்கு முக்கிலிருந்து இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். நடந்து போனாலும் மீன்காரர்கள் அந்த முற்றத்துக்குள் போக முடியாது. மதில் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு குரல் கொடுக்க வேண்டும். சிலர் போனார்கள். பலர் விட்டுவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். எனக்கு அப்போது எந்த நோயும் இல்லை.

எனக்குப் பிள்ளை வலி கண்டது ஒரு திங்கட்கிழமை. எங்கள் குடியிருப்பில் பேறு பார்க்கும் அம்மாள் அனுபவம் உள்ளவள். அவள்மேல் எனக்குக் குறை இல்லை. செவ்வாய் மாலையில் அவளே கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: "தல எறங்க மாட்டேங்குது. இடுப்பெலும்புல முட்டிக்கிட்டு நிக்குது. இது எங்கைக்கு மிஞ்சுனது. டாக்டர்கிட்ட கொண்டு போங்க."

நாளைக்குப் புதன் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் எல்லோர் முகமும் தெளிந்தது. மாமியார் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஒருவேளை முக்கில் நிற்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

விடிந்ததும் பாய்மரத் துணியை ஒரு கழியில் தூளி போலக் கட்டி, அதில் என்னைக் கிடத்தி ஆண்கள் தூக்கினார்கள். மணலில் கால் புதையப் புதைய நடந்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் கத்தினேன். முக்குக்கு வந்து சேர்ந்தபோது அங்கே உடைமரம் மட்டும் நின்றது.

என் அண்ணன் மனைவி லூர்து, கூடையில் மீன் சுமந்து உள்நாட்டு ஊர்களில் விற்கிறவள். வேன் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். வேன் முற்றத்தில்தான் நின்றது. டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெகு நேரம் கழித்து அவர் கை துடைத்தபடி வெளியே வந்தார். லூர்து மதினி காலில் விழுந்து சொன்னாள்.

அவர் பதிலை மதினி எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல்லும் மாறியதில்லை.

"பிரசவக் கேஸ் வேன்ல பாக்குறதில்லம்மா. ராமநாதபுரம் கொண்டு போங்க."

"எதுல கொண்டு போறது அய்யா?" என்று கேட்டிருக்கிறாள் மதினி.

அவர் வேனில் ஏறிக்கொண்டார். வேன் வேறு சாலை வழியாக ராமநாதபுரம் போய்விட்டது. எந்த ஊருக்கு என்னைக் கொண்டுபோகச் சொன்னாரோ அதே ஊருக்கு. உள்ளே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் உப்பு ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு நிறுத்தினார். உப்பு மூட்டைகளின் மேல் படுத்து நான் ராமநாதபுரம் போனேன். பிள்ளை எந்த இடத்தில் அசைவதை நிறுத்தியது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு (பிள்ளையின் தலையை இடுக்கி போன்ற இரும்புக் கருவியால் பற்றி இழுத்து) எடுத்தார்கள். ஆண் பிள்ளை. எடுத்த டாக்டர் என் கணவரைப் பார்த்து, "இவ்வளவு லேட்டாவா கொண்டு வருவீங்க? எப்பத்தான் திருந்துவீங்களோ" என்றார். சவரிமுத்து தலையைக் குனிந்து நின்றார். அவர் தோளில் கழி அழுத்திய இடம் தோலுரிந்து ரத்தம் கட்டியிருந்தது. அந்த டாக்டர் அதைப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் காலை வந்தது.

முதலில் எல்லோரும் பச்சை உடம்பு, சரியாகிவிடும் என்றார்கள். மாதங்கள் போயின. ஒழுகுவது நிற்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். நனைந்ததும் மாற்றுவேன், துவைப்பேன், கடல் காற்றில் காயப்போடுவேன். அதற்குள் அடுத்தது நனைந்திருக்கும். தொடை இரண்டும் உப்பு அரித்த சுவர் மாதிரி புண்ணாயின. நடந்தால் எரியும். நடக்காவிட்டாலும் எரியும்.

எல்லாவற்றையும் விட வாடைதான் கொடுமை. மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் என் வாடைக்கு மூக்கைப் பொத்தினார்கள். மாமியார் முதலில் என் தட்டைத் தனியாக வைத்தார். பிறகு என் பாயைத் தனியாகப் போட்டார். கடைசியில் கரையோரம் வலை வைக்கும் குடிசையில் என்னை இருக்கச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னார்.

கோயிலில் பூசைக்குப் போனேன். சாமியார் வராத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் என்னிடம் வந்து, தரையைப் பார்த்தபடியே, "வெளிய வாசல்ல நின்னு பூச காணுத்தா. ஆண்டவருக்கு எல்லா எடமும் ஒண்ணுதான்" என்றார். எல்லா இடமும் ஒன்றென்றால் உள்ளே நிற்கலாமே என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை.

சவரிமுத்து என்னை அடிக்கவில்லை, வையவில்லை, வேறு பெண் பார்க்கவும் இல்லை. அதிகமாகக் கடலுக்குப் போனார், அவ்வளவுதான். ஒரு நாள் நானே கேட்டேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் என்ன செய்யட்டும் புள்ள? உம் மூஞ்சியப் பாத்தா அந்த முக்குல நின்னதுதான் ஞாவகம் வருது. தூக்கிக்கிட்டு இன்னுங் கொஞ்சம் ஓடியிருக்கலாமோன்னு தோணுது."

எங்கே ஓடுவது? எவ்வளவு தூரம்? தவறு செய்யாதவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் தவறு செய்தவர்களைப் போல் தலை குனிந்திருந்தோம்.

இந்தக் காலத்தில் நான் செய்துகொண்ட ஒரு கெடுதலைச் சொல்லிவிடுகிறேன். இதே நோய் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுகுவதைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். அது தப்பு. சிறுநீர் கெட்டியாகி இன்னும் நாறும், இன்னும் அரிக்கும். நிறையக் குடியுங்கள். புண்ணில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாரம் தவறாமல் எங்கள் முக்கைக் கடந்து ஒரு டாக்டர் போய்க்கொண்டுதான் இருந்தார்.

லூர்து மதினி மட்டும் என் குடிசைக்கு வந்து என் பாயில் உட்காருவாள். ஒரு புதன்கிழமை அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முன்சீப் வீட்டு மதிலுக்கு வெளியே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நான் தள்ளி நின்றேன். கம்பவுண்டர் சுவருக்கு மேலாக என்ன தொந்தரவு என்று கேட்டார். மதினி சொன்னாள். அவர் உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு, ஒரு பாட்டில் டானிக்கோடு வந்தார்.

"நரம்புத் தளர்ச்சியாம். இத ரெண்டு வேள குடிக்கச் சொன்னாரு."

யாரும் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த டானிக்கை ஒரு வருடத்துக்கு மேல் குடித்தேன். இனிப்பாக இருக்கும்.

பிறகு டாக்டர் மாறினார். புதிதாக வந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயது, வெள்ளைப் புடவை. மதினி மீன் கூடையோடு ஓடி வந்து, "ஏத்தா இன்னாசி, பொம்பள டாக்டரு வந்திருக்காக, கெளம்பு" என்றாள். நான் வரவில்லை என்றேன். "நீ வரலன்னா நான் இந்தக் கூடைய இங்கனயே வச்சிட்டு ஒக்காந்துக்கிருவேன். மீனெல்லாம் நாறட்டும், ரெண்டு பேரும் சேந்து நாறுவோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெகு காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அந்த டாக்டரம்மா என்னை மதிலுக்கு உள்ளே வரச் சொன்னார். கம்பவுண்டர் ஏதோ முணுமுணுத்தார். டாக்டரம்மா காதில் வாங்கவில்லை. வேனுக்குள் என்னை ஏற்றி, திரையை இழுத்துவிட்டு, பெஞ்சில் படுக்கவைத்தார். புண்ணைப் பார்த்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்தார். பிரசவத்துக்குப் பிறகு என்னை அங்கே தொட்ட முதல் கை அது.

எல்லாம் முடிந்தபின் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். பிள்ளையின் தலை எலும்பில் முட்டி நாள்கணக்காக நின்றதால், நடுவில் அகப்பட்ட சதைக்கு ரத்த ஓட்டம் இல்லாமல் போயிருக்கிறது. செத்த சதை ஒரு வாரம் கழித்து உதிர்ந்து ஓட்டை ஆகியிருக்கிறது. "மதுரையில ஆபரேஷன் பண்ணித் தச்சிரலாம். ஒரு தடவையில சரியாகலன்னா மறுபடியும் பண்ணணும். உன் நரம்புக்கு ஒண்ணுமில்ல. நீ ஒரு தப்பும் பண்ணல."

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அன்னைக்கு இந்த வேன் முக்குல நின்னிருந்தா என்னாயிருக்கும் டாக்டரம்மா?"

அவருக்கு எதுவும் தெரியாது. மதினிதான் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் வேனின் அந்தப் பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலையிலயே உன்ன இதுல ஏத்தியிருந்தா மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். வயித்தக் கிழிச்சுப் பிள்ளைய எடுத்திருப்பாங்க. பிள்ளை பிழைச்சிருக்கும்னுதான் நினைக்கிறேன். இந்த ஓட்டை விழுந்திருக்காது."

அவர் ஆறுதல் சொல்லியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அவர் உண்மையைச் சொன்னார். அன்றுவரை விதி என்றும் ஆண்டவர் சித்தம் என்றும் நினைத்துச் சுமந்ததை எல்லாம் அந்த உண்மை ஒரே அடியில் கீழே தள்ளியது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுதான் எனக்குக் கிடைத்த முதல் மருந்து.

மதுரைக்கு என்னை அந்த வேனிலேயே ராமநாதபுரம் வரை கூட்டிப்போய் ரயில் ஏற்றினார் டாக்டரம்மா. மதினி கூட வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் போன்ற பெண்களுக்கு என்று ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். என் பக்கத்துக் கட்டிலில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்திலிருந்து வந்த காளியம்மாள் இருந்தாள். கண்மாய்ப் பாசன வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். எங்கள் ஊரில் சாலை இல்லை, மணல், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"எங்கூர்ல ரோடு இருக்குக்கா. பஸ்ஸும் ஓடுது. நான் பனிக்குடம் ஒடஞ்சு நிக்கிறேன், கண்டக்டரு ஏத்த மாட்டேனுட்டான். சீட்டெல்லாம் பாழாப் போயிருமாம்."

அதைக் கேட்டபோது என் கோபம் இன்னும் பெரிதாயிற்று. மணல்மேல் மட்டும் பழி போட்டுக்கொண்டிருந்தேனே என்று தோன்றியது. மணலைத் தாண்டினாலும் ஒரு மதில் இருக்கிறது, மதில் இல்லாத இடத்தில் ஒரு கண்டக்டர் நிற்கிறார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து தைத்தார்கள். கதீட்டர் (சிறுநீர் தேங்காமல் வடிய உள்ளே வைக்கும் ரப்பர்க் குழாய்) பொருத்தினார்கள். குழாய் மடங்கிவிடக் கூடாது, தையலில் பாரம் விழக் கூடாது என்று புரளாமல் படுக்கச் சொன்னார்கள். நாள் முழுக்க உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். குழாயை எடுத்த அன்று முழுக்க உலர்ந்திருந்தேன். மதினி கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னாள். மறுநாள் இருமினேன். தொடையில் சூடாக இறங்கியது.

தையல் விட்டுவிட்டது. நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினேன். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். ஓட்டை முன்பைவிடச் சின்னதாகியிருக்கிறது, தழும்பு இளகட்டும், சில மாதம் கழித்து மறுபடி செய்யலாம் என்றார். சில மாதம் என்று சொல்வது எவ்வளவு சுலபம்! ஆனால் நான் ஊருக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்க இடம் கேட்டு வாங்கி, அங்கேயே தங்கிவிட்டேன். வலைக் குடிசைக்குத் திரும்பினால் மறுபடி வெளியே வர மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

காளியம்மாளுக்கு முதல் தடவையே சரியாகிவிட்டது. அவளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உலர்ந்த சேலையைக் கட்டிக்கொண்டு, தனியாக வாசலைத் தாண்டிப் போனாள். எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. குணமாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்வது உடம்பை மட்டும்தான்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு குழாயை எடுத்தார்கள். நான் இருமவில்லை, தும்மவில்லை, பேசவும் பயந்தேன். நேரம் போயிற்று. அடிவயிற்றில் ஏதோ கனத்தது. லேசாக முட்டியது. என்னவென்று புரியவில்லை. வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டேன்.

"எங்க முட்டுது?" என்றார் அவர். காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, உனக்கு ஒண்ணுக்கு வருதும்மா!"

பெட்பேனை வைத்தார்கள். நானாக ஒன்றுக்கு இருந்தேன். நானாக நிறுத்தினேன். பிறகு அழுத அழுகை வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். ஒன்றுக்கு வருகிறது என்று ஒரு மனுஷி இப்படி அழுததை அந்தச் சுவர்கள் முன்பே பலமுறை பார்த்திருக்கும்.

சவரிமுத்து வந்து என்னைக் கூட்டிப்போனார். ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும், "நம்ம வீட்டுக்குத்தான் வார, குடிசைக்கு இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். வேன் இன்னும் வேப்பமரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தது. டாக்டரம்மா பலமுறை முக்குக்குப் போகச் சொல்லியும், அங்கே உட்கார இடமில்லை, வெயில், பெட்ரோல் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வந்திருக்கிறது. அவர் புதியவர். தனி ஆள்.

நாங்கள் பேசி முடிவெடுத்தோம். ஆண்கள் முக்கில் பனையோலையால் கொட்டகை போட்டார்கள். பெண்கள் புதன்கிழமை காலையில் முன்சீப் வீட்டுக்குப் போனோம். மதிலுக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே போய் வேனின் முன்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

டிரைவர் சத்தம் போட்டார். முன்சீப் துண்டை உதறித் தோளில் போட்டபடி வெளியே வந்தார்.

"என்னம்மா இது, பொம்பளைங்க இப்பிடி வண்டிய மறிக்கிறது நல்லாவா இருக்கு? யாரு உங்கள வேணாமுன்னா? வேன் இங்கனதான நிக்குது, வந்து பாத்துட்டுப் போக வேண்டியதுதான?"

"இங்கன நிக்குறதுதான் அய்யா கொற," என்றேன். எழுந்து நின்றேன். முற்றத்தில் அவர் வீட்டு ஆட்களும் மருந்துக்கு வந்தவர்களும் நின்றிருந்தார்கள். இதைப் பெண்கள் ஆண்கள் முன்னால் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னேன். "இந்த வேனுக்காக நான் அந்த முக்குல கெடந்தேன். எம்புள்ள வயித்துக்குள்ளயே செத்துச்சு. அதுக்குப் பெறகு ரெண்டு வருசம் மூத்திரம் ஒழுகிக்கிட்டுக் கெடந்தேன். நாய் கூடக் கிட்ட வரல. நான் முக்குல கெடந்த அந்த நேரத்துலதான் நீங்க டாக்டருக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தீக."

அவர் முகம் கறுத்தது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும் அய்யா. நாங்க சொவத்துக்கு அந்தப் பக்கமுல்ல நின்னோம்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டாக்டரம்மா வேனில் ஏறி உட்கார்ந்து, "வண்டிய எடுங்க. முக்குக்குப் போவோம்" என்றார். நாங்கள் சக்கரத்துக்கு முன்னாலிருந்து எழுந்து, வேனுக்குப் பின்னால் புழுதியில் நடந்தோம்.

இத்தோடு முடித்தால் இது நல்ல கதையாக இருக்கும். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் உபதேசியாரின் மருமகளுக்கு ஒரு சனிக்கிழமை பிள்ளை பிறந்தது. பிள்ளை பிழைத்தது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மணலைத் தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள். முக்கில் எங்கள் ஓலைக் கொட்டகை நின்றது. வேன் புதன்கிழமைதான் வரும்.

உபதேசியார் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வாரத்துல ஒரு நாளைக்கு உசிரக் குடுத்தா மத்த நாளைக்கு என்னத்தா பண்றது?" என்றார்.

அதன் பிறகு அவரும் நானும் மதினியும் ராமநாதபுரத்து அலுவலகங்களுக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. அவர்கள் எங்களை நிற்கவைத்த வராந்தாக்களுக்கும் கணக்கில்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவர் எங்கள் குடியிருப்பிலேயே தங்க வேண்டும் என்று கேட்டோம். ஒரு அதிகாரி, "உங்களுக்குத்தான் வேன் குடுத்திருக்கே" என்றார். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நான் பேசியதை மதினி இன்றும் நடித்துக் காட்டுவாள். கடைசியில் ஒரு நர்ஸம்மா வந்தார். கோயிலை ஒட்டிய அறையில் இருக்கிறார். இப்போது எங்கள் பிள்ளைகள் அவர் கையில் பிறக்கிறார்கள். தலை இறங்காது என்று தோன்றினால், வலி எடுப்பதற்கு முன்பே ராமநாதபுரம் அனுப்பிவிடுகிறார். எனக்கு மகள் பிறந்தது அப்படித்தான், வயிற்றைக் கிழித்து.

என் உடம்பை நான் இப்போது வேறு மாதிரி அறிகிறேன். அடிவயிற்றில் தையல் போட்ட இடம் மழைக்கு முன் இழுக்கும். ஒழுகிய அந்த வருடங்களில் என் நேரம் ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் இடையில் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு முழுக் காலை என்பதே எனக்கு இல்லை. இப்போது விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை ஒரே நீளமாக இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து நான் கஞ்சி குடிக்கிறேன், மகளுக்குத் தலை வாருகிறேன்.

போன மாதம் பஸ்ஸில் போகும்போது ரயில்வே கேட்டில் வெகு நேரம் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று தவித்தார்கள். எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினேன். அடங்கியது. எனக்குள்ளே சொல்பேச்சுக் கேட்கிற ஒன்று இருக்கிறது என்ற சந்தோஷத்தில் நான் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "அந்தம்மாவப் பாருங்க, எவ்வளவு பொறுமையா ஒக்காந்திருக்காக. பொம்பளைன்னா அப்பிடி இருக்கணும்" என்றார்.

நான் எழுந்தேன். டிரைவரின் தோளைத் தட்டி, கதவைத் திறக்கச் சொன்னேன். எல்லாப் பெண்களும் இறங்கிப் போய்விட்டு வரும்வரை பஸ் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, படியில் நின்றுகொண்டேன்.